மூன்றாவது தறி

"உண்மையைச் சொல்லுங்க மாமா. மூணாவது தறி ஓட்றீங்களா, இல்லியா?"

வாசலில் நின்று ஸ்வேதா போட்ட சத்தத்தில் குடியாத்தத்தின் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

"ரெண்டுதாம்மா ஓடுது," என்றார் பக்கத்து வீட்டு நவநீதன். "வோல்டேஜ் கம்மின்னா ஈ.பி.யைப் போய்க் கேளு."

கரண்ட் கம்பத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே பழைய ஒயர். நவநீதன் விசைத்தறி ஓட்டினால் ஸ்வேதா வீட்டில் வோல்டேஜ் இறங்கும். ஸ்வேதாவின் அப்பா சீனிவாசன் ஆக்சிஜன் மெஷினோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே, இனி மூன்றில் இரண்டு தறிதான் ஓட்டுவேன் என்று நவநீதன் வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்கு வாயோடு சரி போலிருக்கிறது. சாயங்காலமானால் மெஷின் 'கீ கீ' என்று கத்திவிட்டு நின்றுபோகிறது. அப்பா மூச்சுக்குத் தவிக்கிறார்.

"விடுடி," என்றாள் அம்மா சம்பூர்ணம். "அப்பா படுத்தப்ப, தறியில பாதி நெய்து நின்ன பாவு நூலை, குடுத்த முதலாளிகிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்தது அவர்தான். அவரோட சண்டை போடுவியா?"

"அப்பாவுக்கு மூச்சு வேணும்மா. யாரோட வேணா போடுவேன்."

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் எலக்ட்ரிகல் வேலை ஸ்வேதாவுக்கு. மறுநாள் லீவு போட்டுவிட்டு மீட்டரோடு உட்கார்ந்தாள்.

தறி ஓடாதபோது 230 வோல்ட். காலையில் இரண்டு தறி ஓடியபோது ஒயரில் பத்து ஆம்பியர், வோல்டேஜ் 210.

"இருபது வோல்ட் இறங்குது. பத்தால வகுத்தா, ஒயரோட ரெசிஸ்டன்ஸ் ரெண்டு ஓம். அது மாறாதும்மா."

சாயங்காலம் மெஷின் கத்தியது. மீட்டரில் 200.

"இப்ப முப்பது வோல்ட் இறங்கியிருக்கு. ரெண்டால வகுத்தா பதினஞ்சு ஆம்பியர். அஞ்சு ஜாஸ்தி! இருநூறு வோல்ட்டால பெருக்கினா ஆயிரம் வாட். இது லைட்டும் ஃபேனும் இல்லம்மா, தறி!"

அம்மா கூப்பிடக் கூப்பிட ஓடினாள்.

நவநீதனின் மனைவி பூங்காவனம் குறுக்கே வந்து நின்றாள். "உள்ள வராதே ஸ்வேதா. சொன்னாக் கேளு."

"நகருங்க அத்தை!"

தறி ஷெட்டின் கடைசியில், மற்ற இரண்டோடு சேர்ந்து மூன்றாவது தறியும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நவநீதன்.

"பொய்தானே சொன்னீங்க? உங்களுக்கெல்லாம்..."

தறிக்குக் கிட்டே போனவள் குனிந்து பார்த்தாள். நெய்த லுங்கியின் நீலக் கரையில் ஒற்றை வெள்ளை இழை. அப்பாவின் தறியில் பாவு நூலைப் பிணைத்தபோது அவளே தப்பாகப் போட்ட முடிச்சு. 'இருக்கட்டும் விடு' என்று அப்பா அன்றைக்குச் சிரித்தார்.

"இது அப்பாவோட பாவு! திருப்பிக் குடுத்துட்டதா..."

"குடுத்துட்டா அந்த முதலாளி உங்கப்பனுக்கு அப்புறம் பாவே தரமாட்டாரும்மா. அதான் அவன் பேர்லயே நெய்து அனுப்பறேன். பகல்ல ஓட்டினா கூலி ஆளுங்க பாத்து வெளிய சொல்லிடுவாங்க. அதான் அவங்க போனதும் சாயங்காலம் நாங்களே மூணு தறியையும் ஓட்டறோம். உங்கப்பன் ரோஷக்காரன், தெரிஞ்சா ஒத்துக்க மாட்டான்."

ஸ்வேதாவின் குரல் இறங்கியது. "இதனாலதான் மெஷின் நிக்குது மாமா."

நவநீதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ! ஒரு தறியால இவ்ளோ ஆகும்னு நெனைக்கலியே!"

பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தார்.

"மெஷின் ஓடுதுடி!" என்று பின்வாசலிலிருந்து அம்மா கத்தினாள்.

ஸ்வேதா திரும்பிப் பார்த்தாள். நின்றிருந்தது நவநீதனின் சொந்தப் பாவு ஓடிய முதல் தறி. மூன்றாவதில் அப்பாவின் பாவு ஓடிக்கொண்டே இருந்தது.