மோத்ர

மழை விட்ட வெளிச்சம் ஜன்னல் வழியே என் அக்கா டிலேயின் கைகளில் விழுகிறது. சோள ரொட்டியை மூடிய இரும்புத் தட்டின்மேல் தணலை வாரிப் போடுகிறாள். பழைய சொற்களைச் சேகரிக்க டிரானாவிலிருந்து வந்திருக்கும் மிரேலா, "அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்கண்ணே?" என்று என்னைக் கேட்கிறாள். நான் அம்மாவைக் கூப்பிட்டதே இல்லை. டிலேயைத்தான் கூப்பிட்டிருக்கிறேன், 'மோத்ர' என்று. எங்கள் அல்பேனியத்தில் அக்கா. மிரேலாவின் முகம் மலர்கிறது. "லத்தீன்ல மாத்தேர், சமஸ்கிருதத்துல மாதா, எல்லாம் ஒரே வேருங்க. மத்தவங்க வாயில அம்மா. நம்ம வாயிலதான் அது அக்காவாயிடுச்சு." டிலே திரும்பவில்லை. அம்மா இறந்து கிடந்த அன்று டிலேயை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டார் குதிரையோடு வந்தார்களாம். எங்கள் மலையில் பிணம் கிடந்தாலும் கல்யாண நாளைத் தள்ளமாட்டார்கள். பெண் ஏறிப் போயாக வேண்டும். அவள் இடுப்பில் கைக்குழந்தையாக நான் வீறிட்டேனாம். அவள் ஏறவில்லை. பிறகு யாருமே பெண் கேட்டு வரவில்லை. "அம்மா," என்கிறேன், நரைத்த வயதில், முதல் தடவையாக. "கிறுக்குப் பயலே, பட்டணத்துப் பொண்ணு முன்னால மானத்தை வாங்காத," என்று சிரிக்கிறாள். சிரிப்பு அடங்குகிறது. ஈர விறகு சீறுகிறது. "பொண்ணழைக்க மாப்பிள்ளை வரக்கூடாதுல்ல," என்கிறாள் அடுப்பைப் பார்த்தபடியே, "அவரு முகத்தை நான் பாத்ததே இல்லடா."