பின்னால் கிடந்த மூட்டைகள்

கணவன் குமரேசன் காரை விற்று, கோழிப்பண்ணைக்காகப் பிக்கப் வண்டி வாங்கியதிலிருந்து, அதில் போகும்போதெல்லாம் கோகிலாவுக்கு இடுப்பு நொந்தது. ஐந்து மாத வயிறு வேறு. இன்று சங்ககிரியில் தங்கையின் நிச்சயதார்த்தம். இன்றைக்கும் வண்டியில் மூட்டைகள்!

வழியெல்லாம் திட்டியவள், மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் எதிரிலேயே வெடித்தாள்.

"மானம் போகுதுங்க! தீவனத்த எறக்கிப்போட்டே வாங்க. நான் தனியாப் போறேன்."

அவள் அப்பா மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"மணலாட்ட இருக்குது! எங்க எறக்கோணுங்க மாப்ள?"

"எங்கயுமில்லீங்க மாமா. காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. பாரமிருந்தா அடங்கி ஓடும். கோகிலாவ ஊட்டுல எறக்குற வரைக்கும் இருக்கட்டுங்க."

இன்று வழியில் ஒருமுறைகூட இடுப்பு வலிக்காதது கோகிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.