மிதுனாவின் கலியாண வீடியோ

"என்ர மனிசி அழிச்சுப் போட்டா தம்பி. இது திரும்பி வருமோ எண்டு ஒருக்காப் பாரும்."

வெள்ளவத்தையில் சப்ரியின் கொம்பியூட்டர் கடை மேசையில் பென் டிரைவை வைத்தார் தியாகராசா.

"இதுல என்ன அங்கிள் இருந்த?"

"மகள் மிதுனான்ர கலியாண வீடியோ."

போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்து குந்தியிருந்த நாகேந்திரம் துள்ளி எழும்பினார். தியாகராசாவின் மேல்மாடிக்காரர்.

"முருகா! கடைசியாக் கண் திறந்திட்டாய்!"

அவரைக் குறை சொல்லவும் ஏலாது. தியாகராசா வீட்டுக்குள் கால் வைத்த எவரும் அந்த வீடியோவைப் பார்க்காமல் தப்பி வந்ததில்லை. தேத்தண்ணி வரும், பின்னாலேயே வீடியோ வரும். காஸ் சிலிண்டர் கொண்டுவந்த மனிசன், தமிழில் ஒரு சொல் தெரியாது, அவரையும் இருத்திவைத்துக் காட்டி அனுப்பினார்கள்.

"வேற கொப்பி இல்லையா அங்கிள்?"

"இது ஒண்டுதான்."

"அன்ரி ஏன் அழிச்சாங்க?"

"நாளைக்கு மிதுனா கனடாவில இருந்து வாறாள். அதுதான்."

"மகள் வார நேரம் பாத்தா? சரியான அநியாயம் அங்கிள் இது!" சப்ரிக்கே கோபம் வந்துவிட்டது.

"அநியாயமோ? கனகேஸ்வரியக்கா எங்களுக்கெல்லாம் புண்ணியம் செய்திருக்கிறா!" என்றார் நாகேந்திரம். "மாப்பிள்ளையின்ர சித்தப்பா எத்தினை வடை சாப்பிட்டவர் எண்டதுகூட எனக்கு மனப்பாடம்!"

தியாகராசா சிரிக்கவில்லை.

"சொல்லும் தம்பி, வருமோ?"

"பயப்பட வாணாம் அங்கிள். அழிச்சா ஒடனே போற இல்ல. வாசல்ல ஈக்கிற பேர்ப்பலகைய மட்டும்தான் கழட்டுற. ஆள் உள்ளுக்கு அப்படியே ஈக்கும். புதுசா ஒண்டு வந்து அந்த எடத்துல குடியேறினாத்தான் பழசு போகும். அன்ரி இதுக்குப் பிறகு வேற ஒண்டும் ஏத்தல்லதானே?"

"அவவுக்கு அழிக்க மட்டும்தான் தெரியும்."

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு படம் விழுந்தது. மணவறை. நெற்றிப்பட்டத்தோடு மிதுனா. பக்கத்தில் தலைப்பாகையோடு மாப்பிள்ளை.

"வந்திட்டு அங்கிள்! ஒண்டும் குறையாம முழுசா எடுக்கேலும்!"

தியாகராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், மனிசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சப்ரி மவுஸைத் தொட்டார்.

"வேண்டாம்!" தியாகராசா எட்டிக் கையைப் பிடித்துவிட்டார். "எடுக்காதையும் தம்பி. பாட்டோ, படமோ, என்னத்தையெண்டாலும் போட்டு இதை முழுக்க நிரப்பிவிடும். இனி ஒருத்தராலயும் எடுக்கேலாமல் போகவேணும்."

நாகேந்திரம் திகைத்துப் போனார்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்!"

"மனிசி, அழிஞ்சுதெண்டு நிம்மதியாப் போய் மீன் வெட்டுறா. எனக்குத்தான் சந்தேகமாக் கிடந்தது." என்றார் தியாகராசா. "என்னை எனக்குத் தெரியும். திரும்ப எடுக்கலாமெண்டா, ஒரு நாளைக்கு ஆசை தாங்காமல் நானே எடுத்துப் போட்டிடுவன். டிவோர்ஸ் முடிஞ்சு நாளைக்குத் தனிய வாற பிள்ளை, எங்கட வீட்டுக்கு வந்தும் அவன்ர முகத்தைப் பாக்கக்கூடாது."