பூஜ்யம் காட்டிய திசை

"நேரா போ! அம்பு நேராத்தான் காட்டுது!"

மடியில் ஒரு பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கத்தினார் கல்லூரிக் கணக்கு வாத்தியார். காரை ஓட்டிய மனைவி ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேரே விட்டாள்.

அவருடைய தங்கை குடிபோன புது வீட்டுக்கு இன்றுதான் முதல் தடவையாகப் போகிறார்கள். தங்கை மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருகிறார்கள்.

"போன ரெண்டு சம்பந்தமும் கைநழுவிப் போச்சு. இதையாவது நான் கூடவே இருந்து முடிச்சுவெக்கணும். பாவம், தங்கச்சி எப்படி அழுதா தெரியுமா?"

"தெரியும்ங்க," என்றாள் மனைவி. "போன்ல வழி பார்த்துடலாமா?"

"அடுத்தவன் போட்ட கணக்கை நம்பி நான் ரோட்டுல போகணுமா? என் மானம் என்னத்துக்கு ஆகுறது?"

அவர் போட்ட கணக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. தங்கையிடம் கொடுத்து அவள் வீட்டு மாடியில் வைக்கச் சொன்ன கருவி சிக்னல் அனுப்பும். பெட்டி ஒவ்வொரு சிக்னலையும் ஒரு கலப்பெண்ணாக, அதாவது நீளமும் கோணமும் உள்ள எண்ணாக, மாற்றும். பிறகு அவற்றின் கோணங்களைக் கூட்டி, சராசரி எடுத்து, வீடு இருக்கும் பக்கம் அம்பு காட்டும். அவர் சொல்லச் சொல்ல புரோகிராமை டைப் அடித்தது மனைவி. வாத்தியாருக்குக் கீபோர்டில் ஒரு எழுத்தைத் தேடவே பொழுது விடிந்துவிடும்.

கடைகள் போயின. கிடங்குகள் போயின. மீன் வாடை வந்தது. ரோடு ஒரு கம்பிவேலியில் போய் முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கடல்.

"இன்னும் நேராவா போகச் சொல்லுது?"

"ஆமா..."

"அப்ப கப்பல்தான் பிடிக்கணும்."

வாத்தியார் திரும்பினார். மாலைச் சூரியன் பின்கண்ணாடி வழியாக அவர் முகத்தில் அடித்தது. பதறிப்போய்ப் பெட்டியின் திரையைப் பார்த்தார். நூற்று எழுபத்தொன்பது, மைனஸ் நூற்று எழுபத்தொன்பது என்று எண்கள் மாறி மாறி ஓடின.

"ஐயையோ! வீடு நேர் மேற்குல இருக்குடி! மேற்குன்னா நூத்தி எண்பது. இம்மி இந்தப் பக்கம் போனா பிளஸ், அந்தப் பக்கம் போனா மைனஸ். ரெண்டும் ஒரே திசைதான். ஆனா கூட்டினா பூஜ்யம்! பூஜ்யம்னா கிழக்கு! மைனஸுக்குத் தாவினா முன்னூத்தி அறுபதைக் கூட்டிக்கோன்னு ஒரு வரி சொன்னேனே, அடிச்சியா?"

"நீங்க சொன்னதை ஒரு எழுத்து விடாம அடிச்சேன்."

"அப்ப நான்தான் சொல்ல மறந்திருக்கேன்." வாத்தியார் முகம் தொங்கிப்போயிற்று.

போன் அடித்தது. தங்கைதான்.

"அண்ணா! பேசி முடிச்சாச்சு! கல்யாணத் தேதியே குறிச்சாச்சு!"

"நான் மாப்பிள்ளையை ஒரு கேள்விகூடக் கேக்கலையே!"

புலம்பியபடியே போனை மனைவி கையில் திணித்துவிட்டு, காபி தேடி இறங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணி, நீங்க மகராசியா இருக்கணும்! முன்னாடி வந்த ரெண்டு பையனையும் கலப்பெண் கணக்குக் கேட்டே ஓடவெச்சாரே எங்கண்ணன், நீங்க மட்டும் அந்த ஒரு வரியை அடிக்காம விடலேன்னா இவனும் ஓடியிருப்பான்!"