சேறு படாத செருப்பு

லாகோஸ் முஷின் சந்தையில் உச்சி வெயில். பள்ளிச் சீருடையில் இருக்கும் மொரெனிகே குனிந்து, தன் கால்களுக்கிடையே தலையை நுழைத்துப் பின்னால் பார்க்கிறாள். சந்தைக்கு வரும் பேய் மனிதர் போலவே இருக்கும்; ஆனால் கால் தரையில் பாவாது. இப்படிப் பார்த்தால்தான் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். உப்புப் பட்டால் பேய் கரைந்துபோகும். தம்பி ஃபொலாரின் உப்புப் பொட்டலத்தை அவிழ்த்துத் தயாராக நிற்கிறான். "இடுப்பு பிடிச்சுக்கிச்சா, பாப்பா?" என்று மிளகாய்க்காரி சிரிக்கிறாள். தக்காளிக் குவியல்களுக்கு அப்பால் பாதங்கள் சேற்றில் புதைந்து புதைந்து நகர்கின்றன. ஒரு ஜோடி நீலச் செருப்பு மட்டும் சேற்றுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது. அறுந்த வாரில் செப்புக் கம்பி. காலையில் அம்மாவுக்கு ஃபொலாரின் முறுக்கிக் கொடுத்தது. "என்னக்கா, மாட்டுச்சா?" அவன் உப்பை அள்ளுகிறான். தலைகீழாகத் தெரியும் அம்மா கையசைக்கிறாள். மொரெனிகே மெல்ல நிமிர்கிறாள். "ஒண்ணுமில்லடா. பொட்டலத்தைக் கட்டு."