ருசி பார்க்க வந்த வண்டு

சுருட்டுக்குக்கூடப் புகழ்ச்சி பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு சுருட்டுகள் மட்டும் மீதி இருந்தன. உசத்திப் புகையிலை, அளவாகச் சுற்றின சரக்கு. ஒன்று தடி, இடுப்பில் தங்கக் காகிதம். இன்னொன்று ஒல்லி. தினமும் சாயங்காலம் வருகிற வாடிக்கைக்காரர் ஒன்றைத்தான் எடுப்பார். அது நானாக இருக்கணுமே என்று இரண்டுக்கும் ஆசை.

அப்போது ஒரு வண்டு உள்ளே நுழைந்தது. "நான் தின்னு பார்த்து நல்லாயிருக்குன்னு சொன்னா, அப்புறம் யாரும் மறுத்துப் பேச முடியாது" என்றது.

"எனக்கு வேணாம் சாமி" என்று ஒல்லி தள்ளிப் படுத்தது.

"பட்டிக்காடு! ருசி தெரிஞ்சவர்கிட்ட இப்படியா மூஞ்சியைத் திருப்புவே? நீங்க வாங்கண்ணே!" என்றது தடி.

வண்டு ஒரு கடி கடித்தது. "ஆகா, தேன்!"

"உள்ளே போகப்போக இன்னும் நல்லாயிருக்கும்ணே!"

வண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் தலையை நீட்டியது.

சாயங்காலம் வந்தவர் தடியைத்தான் முதலில் எடுத்தார். ஓட்டை வழியாகத் தூள் கொட்டியது. வைத்துவிட்டு ஒல்லியை வாங்கி அங்கேயே பற்ற வைத்தார். கடையே மணத்தது.

தடி வண்டைக் கூப்பிட்டது.

"அந்தாளு கிடக்காருண்ணே. நீங்க இன்னொரு வாய் தின்னுட்டு, எப்படியிருக்குன்னு கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்."