முட்டை கலந்தாயா?

ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிய கண்ணாடிக் குழாயை டாக்டர் சட்டென்று தூக்கிப் பிடித்தார். உள்ளே சிறுநீர் வெள்ளையாகத் திரிந்திருந்தது.

"ஏன்டா மருதை, லீவை நீட்டிக்க முட்டை வெள்ளைக்கருவைக் கலந்தியா?"

"லீவா? பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புல இன்னிக்கே வேலைக்குச் சேரணுங்க. நீங்க ஃபிட்டுன்னு எழுதிக் குடுத்தாப் போதும்."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஊரையே படுக்கவைத்த இந்த 1957 ஃப்ளூவில் விழுந்து எழுந்தவன். ஆனால் முகத்தில் வீக்கமில்லை. ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது.

"கலக்கலைன்னா, காய்ச்சலுக்கு அப்புறம் சிறுநீரகம் கெட்டிருக்குன்னு அர்த்தம். விட்டா உயிருக்கே ஆபத்து. உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே. என்னத்தை மறைக்கிற?"

மருதை மேசையருகே நெருங்கி வந்தான்.

"உயிருக்கா?"

"உண்மையைச் சொல்லு."

"என்னுது கலங்கலாப் போச்சுங்க. வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவீங்களோன்னு பயந்து, வேற சீசாவைக் குடுத்துட்டேன்."

"யாரோடது இது?"

"என் சம்சாரம் இருளாயியோடதுங்க. அவளுக்கும் இதே காய்ச்சல்தான். படுக்காம எனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா. அதனால அவளுக்கு ஒண்ணுமில்லைன்னு நெனச்சுட்டேன்."